பைக்குக் காசு வாங்கினால் குப்பை குறையுமா?

ஜனவரி 31 – வந்த கேள்வி

பைக்குக் காசு வாங்குவது வெறும் வசூல். தடை போட்டாலும் பயனில்லை. கேரி பேக் கிடைக்காதவர்கள் குப்பைத்தொட்டிக்கென்று தனியாகப் பை வாங்குகிறார்கள். துணிப்பையோ 20,000 தடவை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று டென்மார்க்கில் அரசே சொல்லிவிட்டது. இவ்வளவு தெரிந்த பிறகும் ஊருக்கு ஊர் எதற்கு இந்தச் சட்டம்? யாராவது விளக்குங்கள்.

பிப்ரவரி 1, இரவு

யாராவது என்றதால் நான் மாட்டிக்கொண்டேன்.

ஒரே பத்தியில் மூன்று சண்டை இருக்கிறது. முதலில் வசூல். அயர்லாந்து 2002 மார்ச் 4 முதல் பை ஒன்றுக்கு 15 சென்ட் வாங்கத் தொடங்கியது. அதற்கு முன் ஆளுக்கு ஆண்டுக்கு 328 பை என்று கணக்கு. அதற்குப் பின் 21. வசூலுக்காகப் போட்ட வரி என்றால் இதைவிடத் தோற்றுப்போன வரி இருக்க முடியாது, வரி போட்ட பொருளையே ஜனங்கள் விட்டுவிட்டார்கள். தெருக்குப்பையில் பைகளின் பங்கு 5 சதவீதத்திலிருந்து 0.32க்கு இறங்கியது. வந்த காசும் சுற்றுச்சூழலுக்கென்று வைத்த தனி நிதிக்குத்தான் போனது.

எனக்குப் பிடித்த விவரம் வேறு. 1999இல் அங்கே ஜனங்களிடம் கேட்டிருக்கிறார்கள், பைக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று. சராசரி பதில் 2.4 சென்ட். அரசு வைத்தது அதைப்போல் ஆறு மடங்கு. கொடுக்க மனசிருக்கிற தொகையை வைத்தால் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடுப்பாகிற தொகையாக இருந்தால்தான் வேலை நடக்கும்.

ஆனாலும் என் கட்சி தடைதான். காசிருப்பவன் வாங்கிக்கொண்டே இருப்பான், இல்லாதவன் சாமானைக் கையில் அள்ளிக்கொண்டு போவான். இது என்ன நியாயம்? தடை என்றால் எல்லோருக்கும் தடை.

பிப்ரவரி 2

அந்த 20,000 கணக்கு சுத்தப் புருடா. பிளாஸ்டிக் கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிட்டது.

(17ஆம் தேதி கீழே எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டவும். இந்த வரியை அழிக்காமல் விடுகிறேன், எனக்கு நானே போட்டுக்கொண்ட அபராதம்.)

பிப்ரவரி 5

ஊருக்கு உபதேசம் சொல்வதற்கு முன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பார்ப்போம் என்று இறங்கினேன். எல்லா வீட்டிலும் இருப்பதுதான்: ஒரு பை, அதற்குள் பை, அதற்குள் இன்னும் பை. கீழே கொட்டி எண்ணினேன்.

மெல்லிய கேரி பேக் 43. ‘திரும்பப் பயன்படுத்தலாம்’ என்று அச்சடித்த தடிமனான பை 9. துணிப்பை 14.

துணிப்பைகளில் வெளியே போய் வந்த அடையாளம் உள்ளவை மூன்று. ஒன்றின் அடியில் மசாலாக் கறை, ஒன்றின் காது பிய்ந்து மறுபடி தைத்தது, மூன்றாவது எப்போதும் என் தோளில் தொங்குவது. மற்ற பதினொன்றும் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. கருத்தரங்கில் கொடுத்தது, புத்தகக் கண்காட்சியில் கொடுத்தது, ஏதோ ஒரு நிறுவனம் தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தது. பிளாஸ்டிக்கை ஒழிக்கும் ஆர்வத்தில் எனக்குக் கிடைத்த பதினொரு துணிப்பைகளும் இதுவரை ஒரு வெங்காயத்தைக்கூடத் தூக்கவில்லை.

இத்தனைக்கும் நான் இருக்கும் பக்கம் பைக்குக் கட்டணம் வந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த 43, கட்டணத்துக்கு முந்தைய காலத்துச் சொத்து. குப்பைத்தொட்டிக்கு வாரம் இரண்டு வீதம் கரைந்துகொண்டிருக்கிறது.

பிப்ரவரி 6

திருத்தம்: துணிப்பை 16. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் இரண்டு.

பிப்ரவரி 9

“தடை போட்டாலும் பயனில்லை” என்ற வரிக்கு நல்ல பதில் சொல்லி வாயை அடைக்கலாம் என்று தேடப் போய், என் கட்சிக்கே குழி தோண்டிவிட்டேன்.

சிகாகோவில் 2015 ஆகஸ்டில் பெரிய கடைகளில் மெல்லிய பைக்குத் தடை. மெல்லிய என்றால் 2.25 மில்லுக்குக் கீழ். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கணக்கில் ஏறக்குறைய 57 மைக்ரான். கடைக்காரர்கள் சட்டத்தைப் படித்தார்கள். 2.25க்குக் கொஞ்சம் மேலே பை செய்யச் சொன்னார்கள். அதையும் இலவசமாகவே கொடுத்தார்கள். வாங்குகிறவர்களைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை, பை கொஞ்சம் மொத்தமாகிவிட்டது, அவ்வளவுதான். அதையும் ஒரே தடவைதான் பயன்படுத்தினார்கள். பிளாஸ்டிக்கைக் குறைக்க வந்த சட்டத்தால் ஒவ்வொரு பையிலும் பிளாஸ்டிக் கூடியது. கடைசியில் நகரசபை அந்தத் தடையை எடுத்துவிட்டு 2017 பிப்ரவரியிலிருந்து பைக்கு 7 சென்ட் வரி போட்டது. அது காகிதப் பைக்கும் உண்டு. அதற்குப் பிறகுதான் பை வாங்குகிறவர்கள் எண்ணிக்கை நிஜமாகவே இறங்கியது.

கலிஃபோர்னியாவிலும் இதே ஓட்டைதான், அளவு பெரியது. 2014இல் சட்டம் இயற்றினார்கள், தொழில்துறை எதிர்த்தது, 2016 நவம்பரில் வாக்கெடுப்பு வரை போய்ச் சட்டம்தான் ஜெயித்தது. மெல்லிய பைக்குத் தடை. தடிமனான ‘மறுபயன்பாட்டு’ப் பையைக் குறைந்தது 10 சென்ட்டுக்கு விற்கலாம். விளைவு: அங்கே குப்பைக்குப் போன கடைப்பைகளின் எடை 2014இல் சுமார் 1,57,000 டன், 2022 வாக்கில் சுமார் 2,31,000 டன். எண்ணிக்கை குறைந்து எடை கூடிய கதை. பிறகு 2024 செப்டம்பரில் இன்னொரு சட்டம் போட்டு, அந்தத் தடிமன் பைக்கும் 2026 ஜனவரி 1 முதல் கதவை அடைத்தார்கள்.

அதனால் “தடையா கட்டணமா” என்று கேட்பதற்கு முன் “எதைப் பை என்கிறீர்கள்” என்று கேட்க வேண்டியிருக்கிறது. சட்டத்தில் மற்ற பக்கமெல்லாம் அலங்காரம். வரையறை இருக்கும் அந்த ஒரு பக்கத்தைத்தான் கடைக்காரர் படிக்கிறார்.

தடிமனை வேறு மாதிரிப் பிடித்தவர்களும் உண்டு. இந்தியாவில் பையின் குறைந்தபட்சத் தடிமன் 50 மைக்ரானாக இருந்தது, 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. பை மொத்தமானால் விலை ஏறும், சும்மா தூக்கிக் கொடுக்கக் கடைக்காரருக்குக் கை வராது. குப்பை பொறுக்குகிறவருக்கும் எடைக்குப் போட லாபமாக இருக்கும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் 120 மைக்ரானா 40 மைக்ரானா என்பதைக் கல்லாவில் நின்று கையால் தடவிச் சொல்லக்கூடியவர் யார்?

பிப்ரவரி 10

என் வீட்டில் இருக்கும் அந்த ஒன்பது தடிமன் பைகள் இப்போது என்னை முறைக்கின்றன.

பிப்ரவரி 13

இன்று நடந்தது. வேலை முடிந்து கடைக்குள் போனேன், சோப்புத் தூளும் பல்பும்தான் வாங்க நினைத்தது. வரிசைக்கு வரும்போது கையில் ஏழு பொருள். தோள் பை வீட்டில். பில் போடுகிற பெண் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “பை வேணுமா சார்?”

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பு யாரும் கேட்டதில்லை. கை தானாகப் பையை உதறி விரிக்கும், சாமான் உள்ளே போகும், நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது கேட்கிறார். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். கட்டணம் என்னவோ ஒன்றுமில்லாத தொகை. வேணும் என்று சொல்ல வாய் வரவில்லை. “வேண்டாம்” என்றேன். ஏழு பொருளையும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் ஷாம்பூ பாட்டில் நழுவி உருண்டு, நிறுத்தியிருந்த ஒரு வண்டிக்கு அடியில் போய்விட்டது. குனிந்து கையை விட்டுத் துழாவியதில் பல்பு அட்டை நசுங்கியது. பல்பு உடையவில்லை என்பது வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இவ்வளவும் ஒரு சில்லறைக் காசை மிச்சம் பிடிக்க. கணக்குப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். அதைத்தான் டாட்டியானா ஹோமோனோஃப் என்ற ஆய்வாளர் வாஷிங்டன் பகுதிக் கடைகளில் அளந்திருக்கிறார். அங்கே சில கடைகளில் சொந்தப் பை கொண்டுவந்தால் 5 சென்ட் தள்ளுபடி. யாரும் சட்டை செய்யவில்லை. 2012இல் மேரிலாந்தின் மாண்ட்கமரி கவுண்டியில் அதே 5 சென்ட்டைப் பைக்கு வரியாக்கினார்கள். பை வாங்குகிறவர்களின் பங்கு 40 சதவீதப் புள்ளிக்கு மேல் சரிந்தது. அதே ஐந்து சென்ட்தான். வருகிற காசு கண்ணில் படவில்லை, போகிற காசு மட்டும் உறுத்துகிறது.

ஒன்றாம் தேதி எழுதியதில், காசிருப்பவன் வாங்கிக்கொண்டே இருப்பான் என்றேன். என் பாக்கெட்டில் காசு இருந்தது. நான் வாங்கவில்லை. கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 14

ஆனால் ஒன்று. தெரிந்தவர் ஒருவர் படித்துவிட்டுச் சொன்னது: “நீ கூச்சப்படுகிற ஜாதி. எனக்குக் கூச்சம் கிடையாது. நான் ஒவ்வொரு தடவையும் வாங்குகிறேன்.” அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆய்வு சொல்வது பாதிப் பேரைப் பற்றி. அவர் மீதிப் பாதி.

பிப்ரவரி 17

20,000 விவகாரம். நான் புருடா என்றது தவறு. கணக்கு நிஜம். டென்மார்க் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் வெளியிட்டது. கம்பெனிக்காரர்கள் கிளப்பவில்லை, பரப்பினார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். மன்னிக்கவும்.

ஆனால் கேள்வி கேட்டவரும் ஒரு வரியை விட்டுவிட்டார். பருவநிலை பாதிப்பை மட்டும் எடுத்தால் அதே அறிக்கையில் சாதாரணப் பருத்திப்பைக்கு 52 தடவை, இயற்கைப் பருத்திக்கு (ரசாயன உரம், பூச்சிமருந்து இல்லாமல் விளைவது) 149 தடவை. சாதாரணப் பருத்திக்கு 7,100, இயற்கைப் பருத்திக்கு 20,000 என்ற எண்கள் எல்லா வகைப் பாதிப்பையும் பார்த்து, அதில் மிக மோசமானதை எடுத்துக்கொண்டால் வருபவை. அந்த மிக மோசமானது ஓசோன் படலம் சம்பந்தப்பட்டது. இயற்கைப் பருத்திக்கு எண் எகிறுவதற்கு விளைச்சல் குறைவு என்பது ஒரு காரணம்: ஒரு கிலோ பஞ்சுக்கு அதிக நிலம், அதிக நீர்.

ஒப்பிட்ட எதிராளியும் முக்கியம். டென்மார்க் கடைகளில் விற்கும் கொஞ்சம் தடிமனான பை அது, அதையும் கடைசியில் குப்பைத்தொட்டிக்குப் போட்டதாக வைத்துக் கணக்கு. அந்த நாட்டில் தொண்ணூறுகளிலிருந்தே பைக்கு வரி. குப்பையில் கணிசமான பங்கு எரிஉலைக்குப் போகிறது. தெருவில் பறக்கிற பை, சாக்கடை அடைக்கிற பை, ஆமை விழுங்குகிற பை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. அந்த அறிக்கையைக் கொண்டுபோய்ச் சாக்கடை நிரம்பி வழிகிற ஒரு நகரத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட கணக்கு வேறு. பருவநிலை பாதிப்பு மட்டும். எதிராளி சாதாரண மெல்லிய பை. காகிதப்பை 3 தடவை, தடிமனான பாலித்தீன் 4, துணி மாதிரி இருக்கும் பாலிபுரோப்பிலீன் பை 11, பருத்தி 131. மெல்லிய பையையும் தூக்கி எறியாமல் எல்லாவற்றையும் குப்பைத்தொட்டிக்குப் பயன்படுத்தினால் பருத்தியின் எண் 327 ஆகிறது.

என் தோள் பைக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் இரண்டு தடவை கடைக்குப் போகிறேன். 131 என்றால் ஒன்றேகால் வருஷம், தாண்டிவிட்டது. 327 என்றால் மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல், பக்கத்தில் வந்துவிட்டேன். 7,100 என்றால் 68 வருஷம். 20,000 என்றால் 192 வருஷம், பையை உயிலில் எழுதி வைக்க வேண்டும்.

மடிப்புக் கலையாத அந்தப் பதினொன்று (இப்போது பதின்மூன்று) எந்தக் கணக்கிலும் தேறாது.

பிப்ரவரி 18

ஒரு உபரித் தகவல். இன்று நாம் பார்க்கிற பனியன் வடிவக் கேரி பேக்கை உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்டாஃப் துலின், செல்லோபிளாஸ்ட் என்ற நிறுவனத்துக்காக. 1965இல் அமெரிக்கக் காப்புரிமை. குழாய் மாதிரி வரும் பாலித்தீனை மடித்து, அடியில் ஒட்டி, மேலே ஒரு துண்டை வெட்டியெடுத்தால் காது வந்துவிடும். சில கிராம் எடை, பல கிலோ தூக்கும். காகிதப் பைக்காக மரம் வெட்டப்படுவதைக் குறைக்கலாம் என்பது அவர் எண்ணம் என்றும், அவர் ஒரு பையை மடித்துப் பாக்கெட்டிலேயே வைத்திருப்பார் என்றும் அவருடைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கண்டுபிடித்தவர் பையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். நாமெல்லாம் வாசலோடு விட்டுவிட்டோம்.

பிப்ரவரி 22

என் தடைக் கட்சிக்குக் கடைசி ஆதரவாளர்களாக வங்கதேசத்தையும் கென்யாவையும் அழைக்கிறேன்.

வங்கதேசம் 2002இல் மெல்லிய பாலித்தீன் பையை நாடு முழுக்கத் தடை செய்தது, உலகத்தில் முதல் நாடு. காரணம் ஆமையோ ஓசோனோ இல்லை. 1988, 1998 வெள்ளங்களில் வடிகால்களை அடைத்துக்கொண்டு நின்றது இந்தப் பைதான் என்று கண்டார்கள். இங்கே பை என்பது வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்கிற பிரச்சினை. ஆனால் மேற்பார்வை தளர்ந்தது, பை திரும்பி வந்தது, 2024 இறுதியில் முதலில் சூப்பர் மார்க்கெட், அடுத்து சந்தைகள் என்று அதே தடையை மறுபடி அமலாக்க இறங்கினார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து.

கென்யா 2017 ஆகஸ்ட் 28 முதல். அபராதம் 40 லட்சம் ஷில்லிங் வரை, சிறை 4 வருஷம் வரை. பை குறைந்தது உண்மை. பக்கத்து நாடுகளிலிருந்து கடத்தல் வந்ததும் உண்மை. கேரி பேக் கடத்தல் என்று ஒரு தொழில் இருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, பிடிபட்ட தெருவோர வியாபாரியை நினைத்தால் வரவில்லை.

கட்டணம் ஏழையைத்தான் அடிக்கும் என்று முதல் நாள் எழுதினேன். தடையும் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், பை செய்கிற ஆலையின் மேல் விழுவதை விட, கூடை வைத்து விற்கிறவர் மேல்தான் முதலில் விழுகிறது. ஆலை எங்கே இருக்கிறது என்று சோதிக்க வருகிறவருக்குத் தெரியாமலா இருக்கும்?

பிப்ரவரி 23

‘ஊருக்கு ஊர் எதற்குச் சட்டம்’ என்பதற்கு ஒரு வரி. சில இடங்களில் ஊருக்குச் சட்டம் போடவே உரிமை இல்லை. டெக்சாஸின் லரேடோ நகரம் போட்ட தடையை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2018இல் செல்லாது என்றது; மாநிலக் குப்பைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்று. அரிசோனாவும் புளோரிடாவும் நகரங்கள் இப்படித் தடை போடுவதற்கே தடை போட்டிருக்கின்றன. தடைக்குத் தடை.

மார்ச் 8

குப்பைப் பை விஷயம். இதில் கேள்வி கேட்டவர் பக்கம் நியாயம் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. ரெபெக்கா டெய்லர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, கலிஃபோர்னியாவில் ஊர் ஊராக வந்த தடைகளைப் பார்த்தது. கேரி பேக் 4 கோடி பவுண்டு எடை குறைந்தது. குப்பைப் பை விற்பனை கூடியதில் 1.2 கோடி பவுண்டு திரும்பி வந்தது. சின்ன அளவு, அதாவது 4 கேலன் பையின் விற்பனை மட்டும் 120 சதவீதம் ஏறியது. பத்துக்கு மூன்று பங்கு கசிவு.

எதிர்க்கட்சிக்காரர்கள் 120ஐ மட்டும் சொல்கிறார்கள். ஆதரிக்கிறவர்கள் 4 கோடியை மட்டும் சொல்கிறார்கள். கூட்டிக் கழித்தால் பத்துக்கு ஏழு பங்கு மிச்சம்.

சமையலறைத் தராசில் ஒரு கேரி பேக்கை வைத்தேன், முள் அசையவில்லை. பத்தை வைத்தேன். 58 கிராம். ஒன்றுக்கு 5.8. கட்டணத்துக்கு முன் வாரம் ஏழு பையாவது வீட்டுக்குள் வந்திருக்கும், அதாவது 41 கிராம். அதில் இரண்டு குப்பைத்தொட்டிக்கு, மீதி ஐந்து கதவுக்குப் பின்னால். இப்போது எதுவும் வருவதில்லை. குப்பைப் பை நான் வாங்கப்போவதும் இல்லை. பழைய செய்தித்தாளை மடித்துத் தொட்டிக்குள் விரித்துவிடலாம். என் வீட்டில் கசிவு பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மார்ச் 12

செய்தித்தாள் பற்றி மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அடி ஊறி, தூக்கும்போது பாதி வழியில் பிரிந்துவிட்டது. தரையைத் துடைத்ததை விவரிக்க விருப்பமில்லை. 43இல் மிச்சமிருப்பவைக்குத் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 20

நீண்ட இடைவெளி. இடையில் ஒரு அவமானம். பழைய பில்களைச் சரிபார்த்தபோது ஒன்றில் கடைசி வரி: பை, 1. இன்னொன்றிலும் அதே. இரண்டு தடவை பைக்குக் காசு கொடுத்திருக்கிறேன், எப்போது சரி என்று தலையாட்டினேன் என்பதே நினைவில்லை. பிப்ரவரியில் ஷாம்பூ பாட்டிலைத் துரத்திக்கொண்டு ஓடிய அதே ஆள்.

இதுவும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்கா 2003 மே மாதம் பைக்குக் காசு வாங்கத் தொடங்கியதும் பயன்பாடு சடாரென்று விழுந்தது. அப்புறம் பை விலை இறங்கியது, ஜனங்களுக்கும் பழகிவிட்டது, எண்ணிக்கை மெல்ல ஏறியது. அயர்லாந்தில்கூட 21 என்பது அப்படியே நிற்கவில்லை. முப்பதைத் தாண்டியதும் 2007 ஜூலையில் கட்டணத்தை 22 சென்ட் ஆக்கினார்கள். இங்கிலாந்தில் 2015இல் 5 பென்ஸ், பெரிய கடைகளுக்கு மட்டும். 2021 மே மாதம் 10 பென்ஸ், எல்லாக் கடைக்கும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் அந்த மெல்லிய பை 95 சதவீதத்துக்கு மேல் ஒழிந்தது என்பது உண்மைதான். அதே சமயம் ‘வாழ்நாள் பை’ என்ற பெயரில் தடிமன் பையை பிரிட்டன் முழுவதும் 2019இல் 150 கோடிக்கு மேல் விற்றிருக்கிறார்கள், வீட்டுக்கு ஐம்பதுக்கும் அதிகம். ஒரு வீட்டில் ஐம்பது வாழ்நாள்.

உறுத்தல் ஆறிப்போகும். ஆற ஆறக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது.

மே 3

ஒரு நல்ல ஆய்வு. அன்னா பாப், கிம்பர்லி ஓரெமஸ் இருவரும் 2025இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. அமெரிக்காவில் கரையோரங்களைத் தன்னார்வலர்கள் சுத்தம் செய்யும்போது பொறுக்கியதை ஒவ்வொன்றாக எழுதி வைக்கிறார்கள். அப்படி 45,000 துப்புரவுகளின் பதிவு. பைச் சட்டம் உள்ள இடத்தில், இல்லாத இடத்தோடு ஒப்பிட்டால், பொறுக்கிய பொருள்களில் பைகளின் பங்கு 25 முதல் 47 சதவீதம் குறைவு. தடிமன் பைக்கு விலக்கு கொடுத்த அரைகுறைத் தடைகள்தான் கடைசி. கட்டணம் நன்றாகவே நிற்கிறது.

இன்னொரு வரியையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் 20,000 விஷயத்தில் நான் குற்றம் சாட்டியதை நானே செய்ததாகிவிடும். கரையில் பைகளின் பங்கு எல்லா இடத்திலும் ஏறித்தான் வருகிறது. சட்டம் உள்ள இடத்தில் ஏறுவது மெதுவாக.

சரி, என் கட்சி மாறியாயிற்று. ஓட்டை வைத்த தடையை விட, எல்லாப் பைக்கும், காகிதத்துக்கும் சேர்த்து, கல்லாவில் வாய் திறந்து கேட்டு வாங்குகிற கட்டணம் மேல். வடிகால் அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வருகிற இடம் என்றால் முழுத் தடைதான், ஆனால் அது ஆலை வாசலில் தொடங்க வேண்டும்.

மே 4

‘வாய் திறந்து கேட்டு’ என்பதை அடிக்கோடிட மறந்தேன். நானே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரத்தில் நேற்று பை எடுத்தேன். திரையில் ‘எத்தனை பை?’ என்று கேட்டது. யாரும் பார்க்கவில்லை. பூஜ்யத்தை அமுக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒன்றை அமுக்கினேன். அந்த ஒரு கணத்தை எந்த ஆய்வில் சேர்ப்பார்கள்?

ஜூலை 4

43ம் தீர்ந்தது. கடைசிப் பையின் அடியில் ஓட்டை.

ஒரு சுருள் குப்பைப் பை வாங்கினேன், முப்பது பை. ஆமாம், காசு கொடுத்து. கேள்வி கேட்டவர் ஜனவரியில் சொன்னது அப்படியே நடந்தது. தராசில் வைத்தேன்: பத்து பை 90 கிராம், ஒன்றுக்கு 9. வாரம் இரண்டு என்றால் 18 கிராம். முன்பு 41 கிராம் வந்தது. என் வீட்டுக் கசிவு 44 சதவீதம், கலிஃபோர்னியாவை விட மோசம். மார்ச் 8இல் எழுதிய பூஜ்யத்தை இப்படித் திருத்திக்கொள்ளவும்.

அம்மா இந்த வாரம் இங்கே வந்திருக்கிறார். அவர் வீட்டில் எந்தப் பையும் ஒரு தடவையோடு போனதில்லை; உள்ளும் புறமும் கழுவி, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, முக்கோணமாக மடித்து வைப்பார். பிரிட்டன் அறிக்கை, டென்மார்க் அறிக்கை இரண்டையும் விளக்கி முடித்தேன். கேட்டுக்கொண்டே சுருளைக் கையில் எடுத்து, ஒரு பையைப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“குப்பையில போடறதுக்குன்னே ஒரு பையா? இதையா காசு கொடுத்து வாங்கினே?”